வேதக்காரியின் வாய்க்கரிசி

அப்பு செத்தபோது அவரின்ரை வாய்க்கு அரிசி போடாத ஒரே பிள்ளை நான்தான். மனமில்லாமல் இல்லை. என்ரை மனுசன்ரை தாய், மாமி, என்ரை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அந்தப் பிடியை நான் மறக்கேல்லை, மறக்கப்போறதும் இல்லை. மாமி இப்ப இல்லை. தொண்ணூற்றைஞ்சிலை சனமெல்லாம் தென்மராட்சிப் பக்கம் ஓடின நேரம், ஒரு பள்ளிக்கூடத்து வாங்கிலை கிடந்து கண்ணை மூடினா. "செத்த மனுசியைப் பற்றி உப்பிடிக் கதைக்கலாமோ" எண்டு ஆரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். வந்தால் நல்லாய் வாங்கிக்கட்டுவியள்.

நான் பிறந்தது கரவெட்டியிலை, புகையிலையும் வெங்காயமும் போடுற சைவ வீட்டிலை. கிறிஸ்தவர்களை எங்கடை பக்கம் வேதக்காரர் எண்டுதான் சொல்லுறது. சின்னனிலை எனக்கு வேதக்காரர் எண்டால் வெள்ளைச் சீலை, பியானோ, இங்கிலீசு, அவ்வளவுதான். பேந்து எண்பத்து மூண்டு ஆடிக் கலவரம் வந்தது. கொழும்பிலையிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையிலை வந்து இறங்கின சனத்திலை என்ரை மனுசன், இவரும் ஒராள். உடுத்த உடுப்போடை வந்தவர். நெல்லியடியிலை நான் தமிழ் படிப்பிச்ச ரியூட்டரிக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தார். மிச்சத்தை விரிச்சு எழுத எனக்கு வெக்கமாக்கிடக்கு. அடுத்த வருசம் கலியாணம்.

இவரின்ரை ஆக்கள் வலிகாமத்திலை, மிசன்காரர் வந்த காலத்திலையே வேதத்துக்கு மாறின பரம்பரை. மாமா நான் வர முந்தியே செத்துப்போனார். மாமி மிசன் பள்ளிக்கூடத்திலை தலைமை ஆசிரியையாய் இருந்து பென்சன் எடுத்தவ. மாதர் சங்கத்துக்குத் தலைவியும் அவதான், ஞாயிறு பள்ளிக்குப் பெரியவவும் அவதான். நான் ஞானஸ்நானம் எடுத்தால்தான் சேர்ச்சிலை தாலி எண்டு சொல்லிச்சினம். அப்பு அதுக்குக் கோபிக்கேல்லை. "எங்கை எண்டாலும் கும்பிடுறதை மட்டும் விட்டிடாதை பிள்ளை" எண்டு சொன்னார். நல்ல மனுசன். அதை நினைக்க இப்பவும் நெஞ்சு வேகுது.

ஞானஸ்நானத்துக்கு முந்தி மாமிதான் எனக்குப் பாடம் எடுத்தவ. முதல் நாளே ஒரு சின்ன வேதப்புத்தகத்தைக் கையிலை தந்தா. திறந்து பார்த்தால் புதிய ஏற்பாடு மட்டுந்தான். முன்பாதி இல்லை.

"பழைய ஏற்பாடு எங்கை மாமி?" எண்டு கேட்டன்.

"உங்கடை பக்கத்திலையிருந்து வாறாக்களுக்கு முதலிலை அது குடுக்கிறேல்லை. மிசன் காலத்துப் பழக்கம். குழம்பிப்போவியள்."

சரி, எனக்கு விளங்காத பெரிய விசயம் போலை எண்டு பேசாமல் இருந்திட்டன். அடுத்த கிழமையே மாமி அந்த முன்பாதியைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தா. அது யூதருக்குக் கடவுள் குடுத்தது. பலி, தூபம், விளக்கு, தீட்டு எல்லாம் அதிலை இருக்கு. எல்லாம் வரப்போற கிறிஸ்துவின்ரை நிழல். "ஆள் வாசலிலை வந்து நிக்கேக்கை ஆராவது நிழலைப் போய்க் கட்டிப்பிடிப்பினமோ?" எண்டு கேட்டா. கெட்டிக்காரி, அதிலை குறை சொல்லேலாது. எனக்கும் அண்டைக்கு அது வடிவாய்த்தான் பட்டது.

எண்பத்தாறிலை அப்பு செத்தார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்ட மனுசன் வரம்பிலை இருந்தவர் எழும்பேல்லை. வலிகாமத்திலை மாமி வீட்டுக்குச் செய்தி வந்த உடனை காரொண்டு பிடிச்சுக்கொண்டு கரவெட்டிக்குப் போனம். "நானும் வாறன்" எண்டு மாமியும் ஏறினா. ஏறினதோடை விட்டாவே? சிலுவை போட்ட மலர்வளையம் ஒண்டும் மடியிலை வைச்சுக்கொண்டு வந்தா. பறை அடிச்சுக்கொண்டிருக்கு, குருக்கள் கிரியை செய்துகொண்டிருக்கிறார், அதுக்குள்ளை மாமி அந்தச் சிலுவையைக் கொண்டுபோய் அப்புவின்ரை காலடியிலை வைச்சா. சனம் பார்த்த பார்வை! எனக்கு நிலத்துக்குள்ளை போயிடலாம் போலை கிடந்தது.

கடைசியாய்ச் சுளகிலை பச்சையரிசி வந்தது. எங்கடை பக்கம் பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. அரிசி போட்டால் அதோடை சரி. அதுதான் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கடைசி. அக்கா போட்டா, மச்சாள் போட்டா. நான் கையைச் சுளகுக்குள்ளை விட்டு ஒரு பிடி எடுத்திட்டன். அப்பதான் மாமி என்ரை மணிக்கட்டைப் பிடிச்சா. "எங்கடை பிள்ளை உது செய்யமாட்டா" எண்டு ஊருக்குக் கேக்கச் சொன்னா. எனக்கு மட்டும் குனிஞ்சு, "நீ இப்ப புது மனுசி. பழசெல்லாம் ஒழிஞ்சுபோச்சு" எண்டா. நான் இவரைப் பார்த்தன். இவர் தென்னைமரத்திலை எத்தினை குலை எண்டு பார்க்கிறவர் மாதிரி மேலை பார்த்துக்கொண்டு நிண்டார். கை உளைஞ்சு அரிசி நிலத்திலை சிந்திச்சு. பெட்டியை மூடிச்சினம்.

அம்மா அழுதுகொண்டு கிடந்தா. அண்ணைதான் என்னைப் பார்த்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் போனன், அண்ணை கதைக்கேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனன், கதைக்கேல்லை. பிறகு நான் போகேக்கை எல்லாம் தோட்டத்துக்கை வேலை இருக்கெண்டு இறங்கிப் போயிடுவார். எனக்கு எல்லாக் கொதியும் மாமியிலைதான் ஏறிச்சு. கறிக்கு உப்புப் போடேக்கையும் கொதி, அவவின்ரை சீலையைத் தோய்க்கேக்கையும் கொதி. கும்பிடுவம் எண்டு கண்ணை மூடினால் அந்த மணிக்கட்டுத்தான் தெரியும்.

அம்மா இருக்கிறா எண்ட ஒரு நினைவுதான் என்னைப் பிடிச்சு வைச்சது. அம்மாவுக்கு நான் அரிசி போடுவன் எண்டு முடிவெடுத்தன். களவாய் இல்லை. மாமியின்ரை வாயாலையே "போய்ப் போடு" எண்டு சொல்லவைக்கோணும். ஊருக்குக் கேக்க மறிச்சவ ஊருக்குக் கேக்க விடோணும். அதுவரைக்கும் மற்றதெல்லாம் எனக்குப் பிறகுதான்.

வழியை மாமியே திறந்துவிட்டா. அவவுக்குக் கண்ணிலை வெண்படலம் விழுந்து எழுத்துத் தெரியாமல் போச்சு. அந்தக் காலத்திலை பகலிலையும் குண்டு போடப் பொம்மர் வரும். வீட்டுக் கோடிக்கை வெட்டின பங்கர்க் குழிக்குள்ளை ஓடிப்போய்க் குந்தியிருப்பம். மாமி தன்ரை பெரிய வேதப்புத்தகத்தை ஒரு பிஸ்கற் பேணிக்குள்ளை போட்டு முதல் அதைத்தான் உள்ளுக்கை அனுப்புவா, பிறகுதான் தான் இறங்குவா. கண் போனாப்பிறகு, "பிள்ளை, ஒரு சங்கீதம் வாசி" எண்டு என்ரை மடியிலை அதை வைச்சா. முழு வேதம். பழசும் புதுசும். நான் கேட்டுத் தராத முன்பாதி பொம்மர் வந்த புண்ணியத்திலை என்ரை கைக்கு வந்தது.

சங்கீதம் வாசிச்சு முடிய மாமி கண்ணை மூடி ஜெபிச்சுக்கொண்டிருப்பா. நான் பக்கத்தைப் பின்னாலை தட்டிக்கொண்டு போவன். பிறகு பங்கர் இல்லாத நேரமும் எடுத்து வாசிக்கத் தொடங்கினன். "பாருங்கோ, என்ரை மருமகளுக்கு வேதத்திலை எவ்வளவு தாகம்" எண்டு மாமி பக்கத்து வீடுகளுக்குச் சொல்லித் திரிஞ்சா. தாகமோ? பழி வாங்க ஒரு பொல்லுத் தேடிக்கொண்டிருக்கிறன், மனுசி அதைத் தாகம் எண்டு நினைச்சுது.

ஆசாரியருக்கான சட்டங்கள் இருக்கிற பகுதிக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. அட, இது எங்கடை வீடு! விளக்கு அணையக்கூடாது. தூபம் காட்டோணும். உள்வீட்டுக்குள்ளை ஆசாரியர் மட்டுந்தான் போகலாம், அதுவும் தோய்ஞ்சுபோட்டு. பிள்ளை பெத்தவளுக்குத் துடக்கு. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒரு கணக்கு, பொம்பிளைப் பிள்ளைக்கு அதிலை இரட்டிப்பு. அமாவாசையும் ஒரு விசேசம். செத்த உடம்பைத் தொட்டவனுக்குத் தீட்டு, அந்தத் தீட்டுப் போக என்ன செய்யோணும்? ஒரு சிவத்தப் பசுவை எரிச்ச சாம்பலைத் தண்ணியிலை கலந்து தெளிக்கோணும். மாட்டுச் சாம்பல்! ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் என்ரை நெத்தியிலை இருந்த விபூதியை மாமி தன்ரை லேஞ்சியாலை துடைச்சுவிட்டவ. அந்த மனுசியின்ரை பேணிக்குள்ளையே இது கிடந்திருக்கு.

அப்பதான் அந்தப் பழக்கத்தின்ரை காரணம் விளங்கிச்சு. நாங்கள் குழம்பிப்போவம் எண்டதுக்காக அதை மறைக்கேல்லை. வாசிச்சால் எங்களுக்கு அது பழகின இடமாய் இருக்கும். "இதை விட்டிட்டு வா எண்டு எங்களுக்குச் சொன்னியள், உங்கடையிலையும் இதுதானே கிடக்கு" எண்டு கேட்டுப்போடுவம். அதுதான் பயம். எனக்கு வந்த கோபத்திலை புத்தகத்தை மூடின சத்தத்துக்கு மாமி திடுக்கிட்டு, "குண்டோ பிள்ளை?" எண்டு கேட்டா.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை இன்னொண்டும் கவனிச்சன். சங்கீதம் வாசிக்கேக்கை ஒரு வசனம் போதகர் சொல்லுவார், அடுத்தது நாங்கள் சொல்லுவம். சில இடத்திலை திடீரெண்டு நாலைஞ்சு வசனத்தைப் பாய்ஞ்சு போயிடுவினம். வீட்டை வந்து எடுத்துப் பார்த்தன். பாய்ஞ்ச இடமெல்லாம் எதிரியைச் சபிக்கிற இடம். அவன்ரை பல்லை உடை, அவன்ரை வீடு பாழாய்ப் போகட்டும், அவனுக்கு இரங்க ஒருத்தரும் இருக்கக்கூடாது எண்டு யாரோ ஒரு மனுசன் வயிறெரிஞ்சு கேட்டிருக்கிறான். சத்தியமாய்ச் சொல்லுறன், அந்தப் புத்தகம் முழுசிலும் என்ரை மனசோடை முதல் கதைச்சவன் அவன்தான்.

"ஏன் மாமி உதுகளை விடுறம்?"

"அது எங்களுக்கு இல்லைப் பிள்ளை. அது பழைய ஆக்களின்ரை மனநிலை."

"அப்ப மேய்ப்பன், புல்வெளி, கோலும் தடியும் எல்லாம்? அதையும் அந்தப் பழைய ஆக்கள்தானே பாடினவை?"

"அது எங்களுக்கு."

எப்பிடி இருக்கு கதை! நல்லதெல்லாம் எங்களுக்கு, மற்றது யூதருக்கு. தொண்ணூறிலை காங்கேசன்துறைப் பக்கம் இருந்த சனம் எல்லாத்தையும் விட்டிட்டு எங்கடை பக்கம் வந்து, வெளிநாட்டுக்குப் போனாக்களின்ரை பூட்டின வீடுகளிலை இருந்துச்சினம். பாவங்கள், "இது இன்னாற்றை வீடு, நாங்கள் சும்மா இருக்கிறம்" எண்டு கேட்ட எல்லாருக்கும் சொல்லுவினம். சேர்ச்சுக்காரர் அப்பிடியும் இல்லை. இன்னொரு சனத்தின்ரை வீட்டுக்குள்ளை பூந்து, நல்ல அறைகளைத் திறந்து வைச்சுக்கொண்டு, மற்றதைப் பூட்டிப்போட்டு, வீட்டுக்காரன் வந்து நிண்டால் "நீ பழைய ஆள், இது எங்களுக்காகக் கட்டின வீடு" எண்டு சொல்லுற மாதிரி. நான் சொல்லுறது பிழையெண்டால் சொல்லுங்கோ.

தொண்ணூற்று மூண்டிலை, வல்லை வெளியாலை சைக்கிள் மிதிச்சு ஒரு சொந்தக்காரன் வந்தான். அம்மா படுக்கையிலை, கனநாள் தாங்காது எண்டான். அண்டைக்கே போய்ப் பார்த்தன். அம்மா என்ரை கையைப் பிடிச்சு, "நீ போடுவாயெல்லே?" எண்டு மட்டும் கேட்டா. என்னத்தை எண்டு சொல்லத் தேவையில்லை. "ஓமம்மா, போடுவன்" எண்டன்.

வீட்டை வந்து மாமியிட்டை நேரை கேட்டன். இந்த முறை நான் போடப்போறன் எண்டன். மாமியின்ரை முகம் இறுகிச்சு. "போட்டாயெண்டால் உனக்கு நற்கருணை நிப்பாட்டுவினம். சங்கத்திலை என்ரை முகத்தை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது? அது சாத்தானின்ரை சடங்கு" எண்டா. சாத்தான்! என்ரை அம்மாவின்ரை வாய்க்குள்ளை! "சரி மாமி, வியாழக்கிழமை கூட்டத்திலை போதகரிட்டையே கேப்பம்" எண்டன். அவவுக்கு அது வசதியாய்ப் பட்டது. போதகர் அவவிட்டை ஞாயிறு பள்ளியிலை படிச்சவர், அவவைக் கண்டால் இண்டைக்கும் கதிரையிலை நிமிர்ந்து இருப்பார்.

வியாழக்கிழமை எங்கடை விறாந்தை நிறையப் பொம்பிளையள். பாட்டு முடிஞ்சு, ஜெபம் முடிஞ்சு, கேள்வி இருந்தால் கேளுங்கோ எண்டார் போதகர். நான் எழும்பினன். பழைய ஏற்பாடு எங்களுக்குச் செல்லுமோ செல்லாதோ எண்டு கேட்டன்.

போதகர் அழகாய்ச் சொன்னார். அதிலை மூண்டு வகை. ஒழுக்கச் சட்டம், அது எப்பவும் நிக்கும். நாட்டுச் சட்டம், அது அந்த நாட்டோடை போச்சு. சடங்குச் சட்டம், அது கிறிஸ்துவிலை நிறைவேறி முடிஞ்சுது. மாமி சந்தோசமாய்த் தலையாட்டினா.

"அப்ப தசமபாகம் எந்த வகை?" எண்டன்.

போதகர் தொண்டையைச் செருமினார். பின்னுக்கு இருந்த ஒரு மனுசி களுக்கெண்டு சிரிச்சா.

"அறுப்புப் பண்டிகைக்கு முதல் காய்ச்ச பூசணிக்காயைக் கொண்டு வா எண்டு கேக்கிறியள், அது எந்த வகை? பிள்ளை பெத்தவளை ஒரு மாசம் சேர்ச்சுப் பக்கம் விடாமல் வைச்சு, பிறகு கூப்பிட்டு ஸ்தோத்திர ஜெபம் செய்யிறியள், அது எந்த வகை? விளக்கும் சாம்பலும் மட்டும் பழசாய்ப் போச்சு, தசமபாகம் பழசாகேல்லையோ ஐயா?"

இப்ப நாலைஞ்சு பேர் வடிவாய்ச் சிரிச்சினம். மாமி, "மரியாதையாய்க் கதை" எண்டா. நான் விடேல்லை. எத்தினை வருசமாய்ச் சேர்த்து வைச்சனான், விடுவனே! ஆண்டவர் ஆர், எங்கடை மாதிரி வேதக்காரரோ, யூதரோ எண்டு கேட்டன். யூதர் எண்டார் போதகர். அவர் வாசிச்ச வேதம் எது எண்டன். அந்தப் பழசு மட்டுந்தானே. புதுப்பாதியை அவர் கண்ணாலையும் காணேல்லை, அவர் போய்க் கனகாலத்துக்குப் பிறகுதானே அதை எழுதினவை. "எனக்கு முதல் தந்த புத்தகத்தை அவரிட்டைக் குடுத்திருந்தால், என்ரை வேதம் எங்கை எண்டு அவரே கேட்டிருப்பார்" எண்டன்.

சிரிச்சவை திரும்பிப் போதகரைப் பார்த்தினம். நான் நிண்டபடியே தொடர்ந்தன்.

"இன்னும் ஒண்டே ஒண்டு. அவர் செத்து அடக்கினாப்பிறகு, விடியப்புறம் பொம்பிளையள் கல்லறைக்கு எதுக்குப் போனவை? சுகந்தம் பூசப் போனவை. அவையின்ரை ஆக்களின்ரை வழக்கம் அது. செத்த உடம்புக்குக் கடைசியாய்ச் செய்யிறது. நிழல் எண்டு சொல்லி அவையின்ரை கையை ஒருத்தரும் பிடிக்கேல்லை. அவை அண்டைக்குப் போகாமல் விட்டிருந்தால் கல்லறை வெறுமையாய்க் கிடந்ததை ஆர் முதல் கண்டிருப்பினம்? நீங்கள் உயிர்த்த ஞாயிறு கொண்டாடுறது அந்தப் பொம்பிளையள் சடங்கு செய்யப் போனதாலை. நான் என்ரை அம்மாவுக்கு ஒரு பிடி அரிசி போடக்கூடாதோ?"

போதகர் மாமியைப் பார்த்தார். எல்லாரும் மாமியைப் பார்த்தினம். படலம் விழுந்த அந்தக் கண்ணாலை மாமி என்ரை குரல் வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு" எண்டா. "நீ இவ்வளவும் வாசிச்சது கடவுளை அறியவோ, என்னை அடிக்கவோ?"

"உங்களை அடிக்கத்தான் மாமி."

ஒருத்தி "ஐயோ ஆண்டவரே" எண்டு வாயைப் பொத்தினா.  மாமி சீலைத் தலைப்பை விரலிலை சுத்தினா. பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேக்க, தலைமை ஆசிரியைக் குரலிலை, "சரி. கல்லறைக்குப் போனவையை ஒருத்தரும் மறிக்கேல்லைத்தான். போய்ப் போடு. ஆரும் கேட்டால் நான் சொன்னது எண்டு சொல்லு" எண்டா.  அண்டைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டன். வெண்டிட்டன் எண்ட சந்தோசத்தை நான் மறைக்கேல்லை, இவர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்ததையும் நான் கவனிக்கேல்லை.

அம்மா அதுக்குப் பிறகு கனநாள் இருக்கேல்லை. பெற்றோல் கண்ணாலை காண இல்லாத காலம். மண்ணெண்ணெயிலை ஓடுற ஒரு காரிலை, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தம். மாமியும் வந்தா. இந்த முறை மலர்வளையம் இல்லை, வெறுங்கை. நான் முழுகி, வெள்ளைச் சீலை உடுத்து, தலையை விரிச்சுக்கொண்டு போய் அம்மாவின்ரை தலைமாட்டிலை இருந்து குழறினன். அழுகையோடை அழுகையாய் ஒரு நிம்மதியும் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாத்தப்போறன்.

சுளகு வந்தது. அக்கா போட்டா. மச்சாள் போட்டா. நான் கையை நீட்டினன். அண்ணை சுளகைத் தன்ரை பக்கம் இழுத்தார்.

"உனக்கு இஞ்சை என்ன வேலை?"

அத்தினை வருசத்துக்குப் பிறகு அண்ணை என்னோடை கதைச்ச முதல் கதை அது.

"நான் போடோணும் அண்ணை. அம்மா கேட்டவ. நான் ஓம் எண்டு சொன்னனான்."

"அப்புவுக்குப் போடாத கை அம்மாவுக்கும் போடத் தேவையில்லை. தள்ளி நில்."

பறை நிண்டுபோச்சு. குருக்கள் நிலத்தைப் பார்த்தார். மாமி சனத்தை விலக்கிக்கொண்டு, தட்டுத் தடவி, முன்னுக்கு வந்தா. "தம்பி, அண்டைக்கு மறிச்சது நான். பிள்ளையிலை பிழையில்லை. பிழை எல்லாம் என்னிலை. அவளைப் போட விடுங்கோ" எண்டா.

"ரீச்சர், நீங்கள் பிறத்தி ஆள்" எண்டார் அண்ணை. குரல் உயரேல்லை, அதுதான் எனக்கு இன்னும் காதுக்குள்ளை நிக்குது. "உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. வெளியாலை இருந்து வந்தவை எதையும் சொல்லுவினம். இவள் அப்புவின்ரை பிள்ளை. கையை உதறிப்போட்டுப் போட்டிருக்கலாம். பார்த்துக்கொண்டு நிண்டவள்."

நான் வாயைத் திறந்தன். என்னட்டை எத்தினை வசனம் இருந்தது! பசுச் சாம்பல், விளக்கு, கல்லறைக்குப் போன பொம்பிளையள். எல்லாம் அதை வாசிச்ச ஆக்களை அடிக்கச் சேர்த்தது. அண்ணை அந்தப் புத்தகத்தைத் தொட்டும் பார்க்கேல்லை. ஆனால் கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் எண்ட கணக்கை அதிலை உள்ளபடி அளவு பிசகாமல் செய்துகொண்டு நிண்டார்.  அண்ணையை அந்த இடத்திலையே கடிச்சுக் குதறலாம் போலை இருந்தது. இண்டைக்கும் அப்பிடித்தான். பெட்டியை மூடிச்சினம். ஆம்பிளையள் தூக்கிச்சினம். பறைச் சத்தம் ஒழுங்கையாலை தள்ளித் தள்ளிப் போச்சு.

பொம்பிளையள் கிணத்தடிக்குப் போச்சினம். நான் முத்தத்திலை நிண்ட இடத்திலையே நிண்டன். மாமி என்னைத் தேடி, "பிள்ளை, எங்கை நிக்கிறாய்?" எண்டு கேட்டுக் கேட்டு வந்து பக்கத்திலை நிண்டா. என்ரை மூச்சுச் சத்தத்திலை கண்டுபிடிச்சிட்டா. என்ரை கையைத் தொட வந்தவ, தொடாமல் தன்ரை கையை மடக்கினா. அவவின்ரை கன்னத்தாலை கண்ணீர் ஓடிச்சு. அந்த மனுசி அழுது நான் அண்டைக்குத்தான் பார்த்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்" எண்டா. "ஆண்டவர் எங்களுக்கு மன்னிக்கிற மாதிரி நீயும் மன்னிச்சுக்கொள்."

"என்ரை கையைப் பிடிச்சதை மன்னிக்கிறன் மாமி" எண்டன். "அதுமட்டுந்தான் எனக்குச் செய்தது. என்ரை கையாலை அரிசி இல்லாமல் போனது அப்புவும் அம்மாவும். அதை நான் மன்னிக்கேலாது. அவையிட்டைக் கேளுங்கோ."

"அவை செத்துப்போச்சினமே பிள்ளை."

"ஓம்" எண்டன்.